இந்த நான்கெல்லைக்குட்பட்ட

பத்திரம் எழுதுகிறவன் நான்.
காவேரிப்பட்டணத்தில், சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பாதி என்னுடையது.
வீடு, மனை, மாந்தோப்பு, கிணற்றில் கால் பங்கு
எல்லாம் எழுதியிருக்கிறேன்.
கோயிலை எழுதினது ஒரே தரம்.

ஆற்றோர மிஷன் கோயில்.
நூற்று நாற்பது வருஷச் சுவர்.
பதினொரு குடும்பத்தில் எட்டு பெங்களூருக்குப் போய்விட்டது,
மிச்ச மூன்றால் ஓடு மாற்ற முடியவில்லை.
விற்பவர் பக்கம் பொருளாளர் ஞானசுந்தரி,
மின்வாரியத்தில் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.
வாங்குபவர் பக்கம் முத்தவல்லி கவுஸ் பாஷா.
மாங்கூழ் கம்பெனிக்காரன் நாலு லட்சம் கூடக் கேட்டது
டீக்கடைக்கே தெரியும்.
ஏம்மா விட்டீங்க என்றேன்.
"டின் அடுக்குவான் சார்."
அதற்கு மேல் பேசவில்லை.

வழக்கமான வரியில்தான் கை நின்றது:
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.
யாருடைய புத்திரன்?
முத்தவல்லி என்னைப் பார்த்தார்.
அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.
அடித்துவிட்டு, ஓரத்தில் இரண்டு பேரிடமும்
சுருக்கொப்பம் வாங்கினேன்.

விற்பனையில் சேராதவை:
மணி ஒன்று, எடை தெரியாது.
பெஞ்சு பதினாறு, ஒன்றுக்குக் கால் இல்லை.
வடகிழக்கு மூலையில் கல்லறை மூன்று,
அதில் ஒன்றின் நீளம் இரண்டரை அடி.
அங்கே போய்வர ஐந்தடி அகலத்தில் பாதை, என்றென்றைக்கும்.
'என்றென்றைக்கும்' கோர்ட்டில் நிற்காது என்றேன்.
"கோர்ட்டில் நிற்காட்டி என்ன, எழுதுங்க"
என்றார் கவுஸ் பாஷா.

மணி டாட்டா ஏஸில் ஏறி தர்மபுரிக்குப் போனது.
நாக்கைத் துணி சுற்றிக் கட்ட மறந்துவிட்டார்கள்.
வேகத்தடைக்கு ஒன்று.
கடைக்குள் இருந்தபடி எண்ணினேன்,
பஸ் ஸ்டாண்டு திரும்பும்வரை ஏழு.

அப்புறம் மேஸ்திரி மாதப்பன் நூல் பிடித்தான்.
பீடம் நேர் கிழக்கு.
மக்காவோ மேற்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து.
பழைய வாசலை அடைத்து மிஹ்ராப் வைத்தார்கள்,
தெற்குச் சுவரை உடைத்து வாசல் வைத்தார்கள்.
ஆனாலும் சாய்வு சாய்வுதானே.
சுவரைப் பார்க்காதீங்க, நூலைப் பாருங்க
என்று அதட்டி அதட்டி
கம்பளத்தைக் கோணலாக விரிக்க வைத்தான்.
ஓரங்களில் மிஞ்சிய முக்கோணங்களில்
இப்போது குடை சாத்துகிறார்கள்.

பெங்களூரிலிருந்து ஒருவன் போனில் கத்தினான்,
எப்படி விற்கலாம் என்று.
ஒரு ஓட்டுக்குக்கூடக் காசு அனுப்பாதவன்.
இன்னொருவன் நேரிலேயே வந்தான்.
பெயர் சொல்லவில்லை, நகல் கேட்டான்,
கையெழுத்துப் போட்டவள் வீடு எந்தத் தெரு என்று கேட்டான்.
எனக்கு வேலை இருக்கிறது,
வில்லங்கம் போட்டுப் பார்த்துக்கொள் என்றேன்.
அதில் என்ன வரும்?
சர்வே நம்பர், விஸ்தீரணம், தொகை.
வேகத்தடையில் அடித்த ஏழும்
எந்தக் கலத்திலும் ஏறாது.

பெரிய வெள்ளியன்று
எழுத்துக்கூலி பாக்கி முந்நூறு வாங்கப் போனேன்.
ஜும்ஆ நேரம்.
செருப்புகள் வாசலை நிறைத்து,
குழாயடியை நிறைத்து,
நான் எழுதிய பாதைமேல் வழிந்து கிடந்தன.
வெள்ளைப் புடவையில் ஞானசுந்தரி,
கையில் சம்பங்கிப் பொட்டலம்.
தாண்டவும் மாட்டாமல், மிதிக்கவும் மாட்டாமல்
நின்றிருந்தாள்.

நேரங்கழித்து ஓடிவந்த ஒரு பையன்,
கையில் ஒளு செய்த ஈரம்,
காலாலேயே ஒதுக்கினான்.
ஜோடி பிரிந்தது, வார் அறுந்ததுகூட ஒன்று.
அவள் முகத்தைப் பார்க்காமல்
உள்ளே ஓடிவிட்டான்.

அவள் போனாள்.

நான் கண்ணால் அளந்தேன்.
நாலே முக்கால் அடி.
குறைந்த கால் அடிக்காக
இதுவரை ஒருவரும்
பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு
என்னிடம் வரவில்லை.