அலவாங்கு

மூன்றாம் நாளும் மழை விடவில்லை.
கடலுக்குப் போகவேண்டாமென்று
காலையிலேயே கோயில் ஒலிபெருக்கி சொல்லிவிட்டது.
பாசையூர்க் கரையில் வள்ளங்களை மேலே இழுத்து
பூவரசோடு இரட்டைக் கயிறு போட்டுக் கட்டினோம்.
எஞ்சின்களைக் கழற்றி வீட்டுக்குள் கிடத்தினோம்.
கடலுக்குத்தான் பயந்தோம்.
தண்ணீர் முதுகுப் பக்கத்தால் வந்தது.

பட்டினம் முழுக்கக் குடித்த மழை
எங்கள் ஒழுங்கையால் இறங்கியது.
கடலோ பெருக்கு நேரம்,
வாய்க்காலின் வாயை அடைத்துக்கொண்டு நின்றது.
பத்தரைக்கு
வாய்க்கால் எது ஒழுங்கை எது என்று
கால்தான் சொல்லவேண்டியிருந்தது.

கிராம சேவையாளர் தர்மினி
தலையில் ஒரு பேசினைக் கவிழ்த்தபடி
வீடு வீடாய்த் தட்டினாள்:
"மெயின் சுவிச்சை நிப்பாட்டுங்கோ.
அடையாள அட்டை, உறுதி, மருந்துத் துண்டு
பொலித்தீனுக்குள்ள கட்டுங்கோ.
பள்ளிக்கூடம் திறந்திருக்கு.
வெளிக்கிடேக்கை தடியொண்டு எடுங்கோ,
காலுக்கு முன்னால தடி போகட்டும்."

என் வீட்டில் தண்ணீர் இல்லை.
சொல்ல வெட்கமாய் இருக்கிறது.
ஐந்து லோட் கிரவல் கொட்டி உயர்த்திய முற்றம்.
நோர்வேயிலிருந்து மச்சான் அனுப்பிய காசில்
ஆறடி மதில், உச்சியில் போத்தல் துண்டு.
"தண்ணி போக ஓட்டை விடவோ?"
மேசன் அன்றைக்குக் கேட்டவன்.
"வேண்டாம், பாம்பு வரும்" என்றேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் எமிலியானாவின் வீடு.
அவள் புருஷன் கிறேஷியன்
பாரிசவாதத்தில் வலப்பக்கம் அசையாதவன்,
தர்மினியின் பட்டியலில் முதல் பெயர்.
தூக்கப்போன பெடியள் பாதியில் திரும்பினார்கள்.
இடுப்பளவு, இழுக்குது என்றார்கள்.
ஒருவரும் மதிலைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருந்தது எனக்குத் தெரிந்தது.

கொட்டிலில் இருந்து அலவாங்கை எடுத்தேன்.
"நடுவில அடிக்காதேங்கோ, மொத்தமாச் சரியும்.
கடல்பக்க மூலையில, கீழ்க்கல்லில.
நேர நில்லாதேங்கோ" என்றாள் தர்மினி.
வள்ளக் கயிற்றை என் இடுப்பில் சுற்றி
மறுமுனையைத் தூணில் கட்டினாள்.
மேசன் நல்ல வேலைக்காரன்.
இருபது நிமிடம் எடுத்தது முதல் கல்லுக்கு.
இரண்டாவது தானாய் வந்தது.

பிறகு எல்லாம் வந்தது.
செருப்புகள், ஒரு சமையல் கரண்டி,
யாரோவின் மலகூடம்.
கிணற்றுக் கட்டைத் தாண்டி உள்ளே விழும் சத்தம்
கேட்டுக்கொண்டே நின்றேன்.
பாம்பும் வந்தது. ஒரு சாரை.
அதற்கும் அவசரம் எனக்கும் அவசரம்,
விலகிப் போனோம்.

அரை மணியில் அந்தப் பக்கம் முழங்காலளவு.
பிளாஸ்ரிக் கதிரையில் கிறேஷியனை வைத்து
நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.
என்னைக் கடக்கையில் இடக்கையைத் தூக்கினான்.
நன்றியா, ஏச்சா?
பேச்சு அவனுக்குப் போன வருடமே நின்றது.

இன்றைக்கு ஒன்பதாம் நாள்.
கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டார்கள்.
சொல்லும்வரை குடிக்காதேங்கோ என்று
கப்பியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது.
பவுசர் தண்ணீரையும் கொதிக்கவைத்தே குடிக்கிறோம்.

மேசன் வந்து மூலையை அளந்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் நிற்கிறான்.
அந்த நேரம் பார்த்து மச்சானின் வீடியோ அழைப்பு.
"மதில் தப்பிச்சுதோ? ஒருக்கா காட்டு."
போனைத் திருப்பினேன்.
ஓட்டைக்குள்ளால் எமிலியானா
பாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.