கொடிக்கயிறு

கீழ்ப்பாக்கத்தில் இறங்கி
கைப்பிடி உடைந்த படிக்கட்டில் இரண்டு மாடி.
புதன்கிழமைகளில் எங்களுக்கு முக்கால் மணி நேரம்.
கதவுக்குப் பக்கத்தில் எனக்கொரு குட்டை நாற்காலி,
எல்கேஜி பிள்ளை உட்காரும் உயரம்.
முட்டி மோவாயில் இடிக்கும்.

வஹீதா மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்:
பார்த்து, மெதுவா, கொட்டிடாதே,
இந்த மூன்றும் இந்த அறைக்குள் வேண்டாம்.
என் வாயில் இருந்ததே
அந்த மூன்றுதான்.
சொல்ல வேண்டிய அன்று மட்டும்
சொல்லாமல் போனேன்.

அன்று கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன்.
போன் அடித்தது.
பெனிட்டா என் நைட்டியைப் பிடித்து இழுத்தாள்.
இதற்கு மேல் இந்தக் கதையை
நான் யாரிடமும் முடித்ததில்லை.

தோள் முதல் மணிக்கட்டு வரை, வலது கை.
தோல் ஆறிற்று. ஆறிய தோல் இறுகிற்று.
பிசியோ அறையில்
"தூக்கும்மா, பத்து எண்ணுற வரைக்கும்" என்றால்
இரண்டிலேயே அவள் அலறல்
கீழே மருந்துச்சீட்டு வரிசை வரை கேட்கும்.
வீட்டில் பேச்சே இல்லை. ராத்திரி பாயில் ஈரம்.
ஆறு வயது; வெட்கம் தெரியும்.
எழுந்ததும் தானே சுருட்டி
பீரோ சந்தில் ஒளித்தாள்,
இடக்கையால்.

இங்கே மணல்தொட்டி. வாலறுந்த டைனோசர்.
மூடி தொலைந்த சொப்புச் சாமான்கள்.
முதல் மூன்று புதனும்
குட்டிக் குண்டானை மணலில் புதைத்தாள்,
மேலே தட்டினாள், மேலேயே உட்கார்ந்தாள்.
"ரொம்ப ஆழமா புதைச்சிருக்கே" என்றார் மேடம்,
அவ்வளவுதான்.
இதற்கா இவ்வளவு தூரம் என்று
புளியந்தோப்பு திரும்பும் ஷேர் ஆட்டோவில்
எனக்குக் கோபம்.

நான்காம் புதன் தோண்டி எடுத்தாள்.
மணல் நிரப்பி
டைனோசர் மேல் கவிழ்த்தாள்.
மறுபடி. மறுபடி.
பதினான்கு வரை எண்ணினேன்.
பதினைந்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.
திறந்தபோது
டைனோசருக்குத் துணிக் கட்டு.
"இதுக்கு ஸ்கூல் லீவு" என்றாள்.
இரண்டு மாதத்தில் நான் கேட்ட
முதல் முழு வாக்கியம்.

பிறகு கட்டுத்துணியெல்லாம் துவைக்க வேண்டுமாம்.
ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக்கும் நடுவே
மேடம் ஒரு கயிறு கட்டினார்.
நனைத்துப் பிழிந்து உதறிக் காயப்போட்டாள்,
பொம்மைப் பாவாடை, கைக்குட்டை,
என் துப்பட்டாவின் முனை கூட.
கிளிப் மாட்ட இரண்டு கையும் வேண்டும்.
அதை அவள் கவனிக்கவில்லை.
கயிறு வாரத்துக்கு ஒரு விரல்
மேலே ஏறிக்கொண்டிருந்ததை
நானும் கவனிக்கவில்லை.
அலமாரிக் கதவில் பழைய முடிச்சுகளின் தடம்,
ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு.
அதைப் பார்த்த அன்று
கழிப்பறைக்குப் போய்
குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

முந்தாநாள் வீட்டில்,
"நீ டைனோசர்" என்றாள்.
படுத்தேன்.
காலிச் சொம்பை என் கைமேல் சாய்த்தாள்.
"சுடுதா?"
அந்த அறை இல்லை, மேடம் இல்லை,
சரியான பதில் எதுவென்று தெரியவில்லை.
"சுடுது" என்றேன்.
குனிந்து ஊதினாள். நெடுநேரம்.
எச்சில் தெறித்தது.
போதும் என்று நான் சொல்லவில்லை.

இன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினாள்.
குக்கர் சோறு குழையுதாம்.
"வடிச்ச சோறு செய்."
குண்டான் எங்க கிடக்குதோ தெரியலடி என்றேன்.
பொய்.
லாஃப்டில், பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால்,
நான் புதைத்து வைத்தது.

"அதோ" என்றாள்.
வலது கை.
முழங்கை இன்னும் முழுசாக நிமிரவில்லை.
விரல் மட்டும்
சரியாக அதையே காட்டியது.