மேல்மாடி காலி

வலப்பக்கம் மூன்று மாடி, இடப்பக்கம் இரண்டு.
டாக்டர் சொன்னது வேறு வார்த்தை,
எனக்கு மாடி என்றால்தான் புரியும்.
ஃபோர்ட்டில் ஓர் ஐந்துமாடிக் கட்டடத்தில்
இருபத்தாறு வருடம் லிஃப்ட் ஓட்டியவன்.

வலப்பக்க மேல்மாடியை எடுத்துவிடுவார்களாம்.
மிச்சமிருப்பவை மெல்ல விரிந்து
அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளுமாம்,
தாராவியில் பக்கத்து வீடு காலியானால்
ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர் நகர்வதுபோல.

"மேல்மாடி காலின்னு இத்தனை நாள் நான்தான் சொன்னேன்,
இப்ப எழுதியே குடுத்துட்டாங்க."
ரோஸ்லின் சிரித்தாள்.
ஸ்கேன் உறை அவள் மடியில் சரசரத்தது.

ஆனால் உடனே கத்தி இல்லை.
இந்த மூச்சோடு மேசையில் படுக்க வைக்க மாட்டோம்,
மூன்று வாரம் பயிற்சி, பீடி கூடாது என்றார்கள்.

பிராஜக்தா என்று ஒரு பெண்,
தாழ்வாரத்தில் இரண்டு ஆரஞ்சுக் கூம்பு வைத்து
ஆறு நிமிடம் நடக்கவிட்டாள்.
விரலில் கிளிப். முந்நூற்றுப் பத்து மீட்டர்.
"இன்னும் வேணும் காகா."
பூவை முகர்வதுபோல் உள்ளே இழுக்கணும்,
மெழுகுவர்த்தி அணையாமல் ஆட மட்டும் செய்கிற அளவுக்கு
வெளியே ஊதணும்.

வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கூண்டு தந்தாள், உள்ளே மூன்று பந்து.
உறிஞ்சினால் முதல் பந்து ஏறும்.
இரண்டாவது யோசித்து ஏறும்.
மூன்றாவது தரைத்தளத்திலேயே உட்கார்ந்திருக்கும்
எவன் பட்டனை அழுத்தினால் எனக்கென்ன என்று.

"நிற்காமல் எத்தனை மாடி ஏறுவீங்க?"
என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை பழைய கட்டடத்துக்கே போனேன்.
வாட்ச்மேன் ராம்சூரத் கேட்டைத் திறந்தான், ஏன் என்று கேட்கவில்லை.
லிஃப்டில் என் ஸ்டூல் இல்லை.
ஒரு பெண்குரல் கதவை மூடச் சொல்லிக்கொண்டிருந்தது,
இங்கிலீஷில்,
யாரும் இல்லாதபோதும்.

படியில் கால் வைத்தேன்.
கரண்ட் போன நாட்களிலும் கூண்டுக்குள்ளேயே
காத்து நின்றவன் நான், இது முதல் தடவை.
துப்பாமலிருக்கச் சுவரில் டைல்ஸ்:
பிள்ளையார், மெக்கா, சிலுவை.
சிலுவைக்குப் பக்கத்தில் துப்பியிருந்தார்கள்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு ஜன்னல்,
அதில் ஒரு கிரேன், விரலளவு கடல்.
இந்தக் கட்டடத்துக்குக் கடல் உண்டென்று
எனக்குத் தெரியாது.

பூ. மெழுகுவர்த்தி.
பூ. மெழுகுவர்த்தி.

மூன்றாம் மாடியில்
நெஞ்சுக்குள் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.
கைப்பிடிக் கட்டையைப் பற்றினேன்.
சுவரோரம் ஒரே உயரத்தில் வழவழவென்று தேய்ந்திருந்தது.
எந்தக் கை என்று யோசித்தேன்.

டீ கெட்டில் பையன்கள்.
கூரியர்க்காரர்கள். தண்ணீர் கேன்கள்.
"படியில் போ."
செக்ரட்டரி உத்தரவுதான், எழுதி ஒட்டியே இருந்தது.
ஆனால் குரல் என்னுடையது,
அப்போது அதற்கு நிறைய மூச்சு இருந்தது.

நாலாம் மாடிக்கு நாலு படி இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன்.
கீழிருந்து ஒருவன் வந்தான்,
தோளில் இருபது லிட்டர், காதில் ஹெட்ஃபோன்.
ஒதுங்கி வழிவிட்டேன்.
"லிஃப்ட் ஓடுதே அங்கிள்" என்றான் இந்தியில்.
உனக்கும்தானே ஓடுகிறது என்று கேட்க
வார்த்தைக்குக் காற்று வரவில்லை.
விரலை மட்டும் மேலே காட்டினேன்.

அவன் போனான். கேனுக்குள் தண்ணீர்
ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை புரண்டது.
ஒரு மாடி மேலே இறக்கி வைத்துவிட்டு
அவன் மூச்சு வாங்குவது கேட்டது.
அது அடங்கும்வரை எண்ணினேன், பதினேழு.

புதன்கிழமை ஆபரேஷன்.
எழுந்தேன்.