அரைச் செங்கல்

எண்பது மைக்ரான்.
ஒரு தலைமயிரின் பருமன், என் துளி.
இதைவிடப் பெரிதென்றால் தீயைத் தாண்டிப் போய்
தரையை நனைத்து வீணாகும்.
சிறிதென்றால் சுடரின் மூச்சே
கூரைக்கு ஊதிவிடும்.

செம்மண்டலத்தில் மாடி அறை.
கீழே ஜெராக்ஸ் கடை ஷட்டர் இறங்கி நேரமாயிற்று.
சிப்காட்டின் கரைப்பான் கிடங்கு ஒன்றை
ஐந்து சென்டிமீட்டர் கட்டங்களாகத்
திரையில் கட்டியிருக்கிறேன்.
நாற்பது லட்சம் கட்டங்கள்.
ஒவ்வொன்றும் பக்கத்துக் கட்டத்தை
நச்சரித்துக்கொண்டே இருக்கிறது:
உனக்கு எவ்வளவு சூடு,
உன்னிடம் எவ்வளவு காற்று?

தொலுயீன் பீப்பாய் எரிகிறது.
பன்னிரண்டு முனைகளும் மூடுபனி பொழிகின்றன.
துளி ஆவியாகி
ஆயிரத்தெழுநூறு மடங்கு வீங்கி
காற்றை நெட்டித் தள்ளுகிறது.
இருபத்திரண்டாம் நொடியில்
சுடர் அணைந்தது.
அந்த இருபத்திரண்டு நொடிக்கு எனக்கு
இரண்டு இரவும் ஒரு மின்வெட்டும் செலவு.

அறிக்கையை எழுதி முடித்துவிட்டுத்தான்
ஒப்புக்குக் கிடங்கைப் பார்க்கப் போனேன்.

கதவு மூடியிருக்கவில்லை.
இடுக்கில் அண்டக் கொடுத்திருந்தது
சூளை முத்திரை பாதியோடு உடைந்த
ஓர் அரைச் செங்கல்.
"மூடுனா தலை சுத்துது மேடம்.
ஃபேன் எரிஞ்சிபோயி
பங்குனி வந்தா ஒரு வருசம்"
என்றார் இருசப்பன்.
டேப்பை எடுத்தேன்.
எதற்கென்று கேட்காமல்
மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.
பதினோரு சென்டிமீட்டர்.

இரண்டு கட்டம் திறந்துவிட்டேன்.
மீதி ஒரு சென்டிமீட்டர்
கணக்கில் சேராது.

மறுபடி இருபத்திரண்டாம் நொடி.
சுடர் படுத்தது, நீலமானது,
சரி, போய்விட்டது என்று நினைத்தேன்.
கதவடியிலிருந்து தரையோடு தரையாக
மெலிந்த காற்றிழை ஒன்று ஊர்ந்து வந்து
பீப்பாயைத் தொட்டது.
அறுபதாம் நொடியிலும் எரிகிறது.

மேலாளர் ஃபோனில் சிரித்தார்:
"செங்கல்ல எடுத்துட்டாப் போச்சு!"

எனக்கு அது ஒரே வரிதான்.
அழித்தால் கதவு சாத்திக்கொள்ளும்,
தீ அணையும், கையெழுத்து விழும்.
சாத்திய கதவுக்குள்
எட்டு மணி நேரம் மூச்சுவிட
என் நாற்பது லட்சம் கட்டங்களில்
ஆளே கிடையாது.

அதனால் இன்றிரவு தீயில்லாத ஓட்டம்.
மூடுபனி இல்லை, முனைகள் இல்லை.
கதவு சாத்தியிருக்கிறது. விசிறி பூஜ்யம்.
பீப்பாய் மூடி வழக்கம்போல் சற்றே தளர்வு.
ஐந்தடி உயரத்தில் ஒரே ஓர் உணரி,
இருசப்பனின் மூக்கு இருக்குமிடத்தில்.

யுபிஎஸ் ஒருமுறை கூவி அடங்கியது.
மூலையில் சின்ன எழுத்தில் காட்டுகிறது:
முடிய, காலை ஏழே முக்கால்.

அவருக்கு ஆறு மணி ஷிஃப்ட்.