நாலு சென்ரிமீற்றர் அகலம்

கொழும்பிலிருந்து வந்த எண்ணெய்ப் போத்தல்களில்
பேர் இல்லை, இலக்கம்தான்.
ஒன்பது, பதினாலு, இருபத்தாறு.
சோத்துப்பானைத் தண்ணிக்குள்
மெழுகுச் சட்டி மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறது.
செலஸ்ரின் ஒரு பஞ்சுக்குச்சியை நனைத்து
என் மூக்கடியில் பிடிக்கிறாள்.
சொல்லு, இது என்ன?

மாம்பழம்.
மாம்பழம் எண்டால் ஆர் வாங்குவினம்?
கறுத்தக்கொழும்பான் எண்டு போடு.
போட்டுப் பார்த்தோம்.
நாலு சென்ரிமீற்றர் லேபலில்
கறுத்தக்கொழு வரைக்கும்தான் இடமிருந்தது;
ம்பான் தகரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்
விலைக்குப் பக்கத்தில் நின்றது.

பதினாலு, கற்பூரமும் மல்லிகையும்,
எங்கேயோ அடியில் ஈரத் தலைமயிர்.
வெள்ளிக்கிழமை, என்றேன் யோசிக்காமலே.
அவள் சிரித்தாள்.
எங்களுக்கு வெள்ளி எண்டால்
தவக்காலம், மரக்கறி, முழங்கால் நோ.
ஒரே கிழமையில் இரண்டு வெள்ளி வருகிற
கொய்யாத்தோட்டத்து அறை இது.
அப்ப கொய்யாத்தோட்டம் எண்டே வைப்பமோ?
இந்த ஒழுங்கையில ஒரு கொய்யாமரம் காட்டு பாப்பம்.

இருபத்தாறு, கடல்காற்றாம்.
போனில் அப்படித்தான் சொன்னார்கள்.
இதைக் கலந்தவன் பாசையூர்ப் பக்கம்
ஒருநாளும் வந்திருக்கமாட்டான்.
விடிய ஏலம் கூறுகிற இடத்தில்
இறால் கோதும் டீசலும் ஐஸ் தண்ணியும்
சேர்ந்து அடிக்கிறதைச் சிமிழில் அடைத்தால்
ரொறன்ரோவில் ஒருத்தர் அழுவார்,
மற்றவர் காசைத் திருப்பிக் கேட்பார்.
புதுத்துவாய் என்று வைத்தோம்.
இன்றுவரை அதுதான் நல்லாய்ப் போகுது.

மழைக்குப் பேர் வைக்கவில்லை.
செம்மண், முதல்துளி என்று
மெழுகுதிரி ஊற்றுகிற எல்லாரும் வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மேசை போட்ட இடத்துக்கு
அரியாலையிலிருந்து ஒரு அக்கா வந்தா.
ஒவ்வொரு மூடியாய்த் திறந்து, மணந்து, மூடி,
மணம் இல்லாதது இருக்கோ, என்றா.
மணத்துக்காகத்தானே அக்கா இதை...
தம்பியின்ர படத்துக்குப் பிள்ளை.
அவனுக்கு வாசம் ஒண்டும் ஒத்துவராது.
உடன தும்முவான்.

தும்முவான்.
எட்டாம் வகுப்பு இலக்கணத்தில் அது எதிர்காலம்.

சோதனைக்கு ஊற்றின வெறும் மெழுகு ஒன்று
விளிம்பு கொஞ்சம் வெடித்தபடி
பையின் அடியில் கிடந்தது.
காசு வேண்டாம் என்றோம்.
வைத்துவிட்டுத்தான் போனா.
அந்தத் தாள்களைச் செலஸ்ரின்
இரண்டுதரம் எண்ணினாள், மூன்று தாளை.

திங்கள் காலை கே.கே.எஸ். வீதியில்
நிதுசனின் அச்சுக்கடை.
புதுசாய் ஒண்டு சேருது தம்பி, மணம் இல்லாதது.
பேர்?
பேர் இல்லாமல் அடிக்கேலாதோ?
கட்டம் வெறுமையாய் இருந்தால்
மெஷின் எடுக்காது அக்கா,
ஏதும் ஒண்டு சொல்லுங்கோ.

தூயவெள்ளை என்றேன். சவர்க்காரம் மாதிரி இருக்காம்.
மௌனம் என்றேன்.
அது கவிதைக்காரருக்கு, என்றாள் செலஸ்ரின்,
எங்களுக்கு விக்கவேணும்.
பின்னால் ஒருவர் கலியாண அழைப்பிதழோடு நின்றார்.
மணமகன் பேரில் ஒரு எழுத்துப் பிழையாம்.
அவருக்கு அவசரம்.

தும்மல், என்றேன்.
நிதுசன் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.
தும்மலோ?
ஓம். நூறு அடி.

நாலே எழுத்து.
திரையில் அது இடதுபக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது.
நடுவில வை தம்பி, என்றாள் செலஸ்ரின்,
சுத்திவர இடம் கிடக்கட்டும்.