பேணியின் அடியில்

பங்குத் திருநாளுக்கு முந்தின ஞாயிறு
மண்டபத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு
சோடாவும் பிஸ்கட் பைக்கற்றுமாய்
சிரித்துக்கொண்டு வந்தார்.
பதினோராம் நாள் பெரியாஸ்பத்திரியிலிருந்து ஃபோன்.
"ஒருக்கா வந்திட்டுப் போங்கோ, றெஜினோல்ட்.
பயப்பிட ஒண்டுமில்லை."
பயப்பிட ஒன்றுமில்லை என்று
ஆரும் சும்மா சொல்வதில்லை இந்த ஊரில்.

ஹெப்பற்றைற்றிஸ் பி.
துண்டில் எழுதிக் கொண்டுவந்து
மேசையில் வைத்துவிட்டு
குளிக்கப் போனார், நெடுநேரம்.

அன்றிரவு
டினோஜாவின் நகப்பூச்சை எடுத்து
அவருடைய எவர்சில்வர்ப் பேணியைக் கவிழ்த்து
அடியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.
கோப்பைக்கும் வைத்தேன்.
பிள்ளைகள் இருக்கினம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

விடியத் தேத்தண்ணி குடித்து முடித்தவர்
பேணியைக் கவிழ்த்தார், பார்த்தார், கழுவினார்,
மற்றவற்றுக்கு ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு
குருநகர்த் துறைக்கு நடந்தார்.
ஒரு வார்த்தை இல்லை.

என் இரத்தத்தில் இல்லையாம்.
மிஸ்ஸி தோளைத் துடைத்தபடி சொன்னா:
"இண்டைக்கு ஒண்டு, வாற மாதம் ஒண்டு, ஆறாம் மாதம் ஒண்டு.
வீட்டில ரேஸர், பிறஸ், நகம்வெட்டி
ஆளுக்காள் தனியத்தானே?"

நகம்வெட்டி நாலு பேருக்கும் ஒன்று.
ரேஸரில் ஜெறினும் மீசை பழகுகிறான்.

"பேணி, கோப்பை?" நானாய்த்தான் கேட்டேன்.
"அதால வராதம்மா. ஒண்டா இருந்து சாப்பிடுங்கோ.
இருமினாலும் கட்டிப்பிடிச்சாலும் வராது.
இரத்தம்தான். மற்றது..."
குரலைத் தாழ்த்தி மற்றதையும் சொன்னா.
இருபது வருசம் மற்றதிலும் எனக்கு வராமல் போனது
எந்தப் புனிதரின் புதுமையோ.

எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டார்.
இடம்பெயர்ந்த காலத்தில் ஏற்றிய இரத்தமா,
தெருவோரம் பிடுங்கிய பல்லா.
டொக்டர் தாயைப் பற்றி விசாரித்தார்.
தாய் திரேசம்மா,
குடம்போல் வயிறு வீங்கி
வன்னியில் ஒரு கொட்டிலில் முடிந்தவ.
காமாலை என்றார்கள்,
கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள்.

"பிறக்கேக்கையே வந்திருக்கலாம்.
வளர்ந்த ஆளுக்கு வந்தால் அனேகமாய்ப் போயிடும்.
பச்சைப் பிள்ளைக்கு வந்தால் அனேகமாய்த் தங்கியிடும்."
அவர் நிலத்தைப் பார்த்தார்.
"தாயில பிழையில்லை" என்றார் டொக்டர், கேளாமலே.

பிள்ளைகளின் கார்ட்டுகளைத் தேடினேன்.
ரங்குப்பெட்டியில், ஞானஸ்நானப் பத்திரத்தோடு.
இரண்டு, நாலு, ஆறு மாதக் கட்டங்களில்
ஏதோ ஒரு மிட்வைஃபின் அவசரக் கையெழுத்து.
அவ பெயர் தெரியாது.
ஊசி போட்ட இரவுகளில் பிள்ளைக்குக் காய்ச்சலென்று
அவவைத் திட்டியது மட்டும் ஞாபகம்.

ஆறாம் மாதம் இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம்.
எனக்கு மூன்றாவது ஊசி.
அவருக்கு மறுசோதனை. போகவில்லை.
ரொறன்ரோக்காரரின் வீட்டில் இருந்துகொண்டு
எழும்ப மறுக்கிற ஆள்மாதிரி
வாடகையுமில்லை, சத்தமுமில்லை,
ஈரலில் இருக்குமாம்.
ஆறு மாதத்துக்கு ஒருக்கா நாங்கள் போய்
ஓடு உடைந்ததோ சுவர் வெடித்ததோ பார்க்கவேணும்.
இரத்தம், ஸ்கான்.
தேவைப்பட்டால் குளிசை.
சாராயம் மட்டும் வேண்டாம்.
அதற்குத்தான் அவர் முகம் வாடியது.

வந்த கையோடு பிளேட்டால் சுரண்டினேன்.
முழுதாய்ப் போகவில்லை புள்ளி,
ஒரு பிறை மிச்சம்.
மன்னிப்பைக் கேட்கத் தெரியாது எனக்கு,
என் தாய்க்கும் தெரியாது.
நகப்பூச்சை மறுபடி எடுத்தேன்.
என் பேணிக்கு, பிள்ளைகளுடையதுகளுக்கு,
விருந்துக்கென்று மூடி வைத்த ஆறுக்கும்.

மச்சாள் லூர்துமலர் கழுவும்போது கேட்டா,
"இதென்ன அடியில?"
"எங்கட வீட்டுச் சாமான் எண்டதுக்கு."

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.
கைக்கு வந்த பேணியை
எது என்று பாராமல் நீட்டினார்.
"இன்னும் கொஞ்சம் ஊத்தும்."