நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

மொந்தெவிதேயோவில் ஜூலை என்றால் குளிர்.
துறைமுகத்துக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடியில்,
எலோய்சா பெத்தன்கோர்
புதுக் கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்துப்
பழையதன் பக்கத்தில் வைக்கிறாள்.
பழையதில் பாதி விசைகள் வழுக்கை.
புதியதில் எல்லா எழுத்தும் பளிச்சென்று,
யாருடையதும் இல்லை.

இந்த முறை வெறுங்கையோடு தொடங்குவதாகச் சபதம்.
பத்தொன்பது வருட அமைப்புக் கோப்பு,
ஆயிரத்து நூற்று நாற்பத்தோரு வரி,
அப்படியே சுமந்துகொண்டு
நான்காவது கணினிக்கும் குடிபோக மாட்டேன்.
வேண்டியதை மட்டும் எடுப்பேன், என்றாள்
மாத்தே குவளையில் வெந்நீர் ஊற்றியபடி.
யாரும் கேட்கவில்லை.

கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்கும்.
புள்ளி வைத்தால் கண்ணுக்கு மறையும்,
அது அந்த இயந்திரத்தின் வழக்கம்.
நான் எழுதும் மொழியில்
புள்ளி வைத்தால் உயிர் போய்
மெய் நிற்கும்.
இரண்டுக்கும் சம்பந்தமில்லை.
சொல்லத் தோன்றியது.

வரி 38.
இடது சுண்டுவிரலுக்கு வேலை தராதே.
சைக்கிளோடு விழுந்த வருஷம் எழுதியது.
எலும்பு கூடிவிட்டது.
வேலை இன்னும் பெருவிரலிடமே இருக்கிறது.

வரி 90.
இரவு பத்துக்கு மேல் திரை சாம்பல் பூக்கட்டும்.
இனாசியோ அப்போது மடியில் தூங்குவான்.
இப்போது அவன் செருப்பு அளவு நாற்பத்து மூன்று,
வாசலில் இரண்டு படகுகளாகக் கிடக்கிறது.

வரி 203.
'புவெத்ரோ' என்று விரல் தடுக்கினால்
'புவெர்த்தோ' என்று திருத்து.
துறைமுகத்துக்கே நிரல் எழுதுகிறவள்,
துறைமுகம் என்ற சொல்லை
ஒருநாளும் சரியாக அடித்ததில்லை.

வரி 260.
இரண்டெழுத்து தட்டினால்
ஒரு முழு முகவரி விரியும்:
தெரு, கதவெண், சால்த்தோ நகரம்,
கீழே 'அன்புடன்' வரை.
அழித்தாள்.
மீட்டாள்.
குவளையை உறிஞ்சினாள், ஆறிப்போயிருந்தது.
அடுத்ததுக்குப் போனாள்.

ஒருமுறை வாஷிங்டன்
(ஊரல்ல, ஆள்; இந்த நாட்டில் அப்படிப் பெயர் வைப்பார்கள்)
அவசரத்துக்கு இவள் கணினியில் உட்கார்ந்தான்.
கப்பல் வாசலில் நிற்கிறது,
பளுதூக்கியின் அட்டவணையில் ஒரே ஓர் எண்ணை மாற்ற வேண்டும்.
ஒரு விசை தொட்டான், சாளரம் இரண்டாகப் பிளந்தது.
இன்னொன்று, பாதிப் பக்கம் மடிந்து காணாமல் போனது.
மூன்றாவதற்கு இரண்டு கையையும் தூக்கிவிட்டான்,
இருட்டில் அடுத்தவர் வீட்டில் நுழைந்து
விளக்கு சட்டென எரிந்தவனைப்போல.
'எப்படி இங்கே குடியிருக்கிறாய்?' என்றான்.
இவள் உட்கார்ந்தாள். நான்கு தட்டு.
கப்பல் உள்ளே வந்தது.

வரி 412.
ஏதோ ஒரு நேரத்தை எழுபது என்கிறது.
எதன் நேரம், தெரியவில்லை.
பக்கத்தில் அவளே எழுதிய குறிப்பு:
இதை எடுக்காதே. காரணம் பிறகு எழுதுகிறேன்.
பன்னிரண்டு வருடம் ஆகிறது.
அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

எடுத்தாள்.
திருத்தியை மூடித் திறந்தாள்.
ஒன்றும் உடையவில்லை.
பெரிய கோப்பு ஒன்றை ஏற்றினாள், தேடினாள், நகர்த்தினாள்,
வேண்டுமென்றே தப்புத் தப்பாக அடித்தாள்.
எல்லாம் சரியாக இருந்தது.
அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.
பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒருத்தி
நடுராத்திரி எதையோ பார்த்துப் பயந்து
இங்கே ஒரு கல்லை நகர்த்தி வைத்திருக்கிறாள்.
அவளைவிடத் தனக்கு இன்று அதிகம் தெரியுமா?
சம்பளம் அதிகம். அவ்வளவுதான்.

திரும்ப வைத்தாள்.
கீழே ஒரு வரி சேர்த்தாள்:
எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இருக்கட்டும்.
தேதி போட்டாள்.

விடியும்போது
மொத்தக் கோப்பும் புதுக் கணினியில் இருந்தது,
சபதத்தைத் தவிர.
துறைமுகத்தில் முதல் பளுதூக்கி முனகியது.
வரிகளை எண்ணச் சொன்னாள்.
ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்று,
கூடவில்லை, குறையவில்லை.
அந்தக் காரணமில்லாத வரி மட்டும்
ஓரிடம் மேலே ஏறி
நானூற்றுப் பதினொன்றாக நின்றது.